பழுது இருக்கும் இடம்

இங்கே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளும் படைப்பு ஒரு மாட்டுக்கொட்டகை. திண்டிவனத்திலிருந்து மயிலம் வந்து, வீடூர் அணைப் பக்கம் திரும்பினால் வரும் சிற்றூர் ஒன்றில், கொல்லைக்கும் களத்துக்கும் நடுவே நிற்கிறது. உரிமையாளர் என் சித்தப்பா. கட்டியவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. முதற்பதிப்பு கரும்புத்தோகைக் கூரை. இரண்டாம் பதிப்பு நாட்டு ஓடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மேற்குக் கோடியின் ஓடுகளை வாரி எறிந்தபின் அந்தக் கோடிக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அடுத்து 2024 நவம்பர் 30 வந்தது. புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் மணிக்கணக்கில் நின்று கொட்டியதில், மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. கொட்டகையைச் சுற்றி முழங்காலளவு நின்ற தண்ணீர் வடிந்தபோது மேற்குச் சுவர் வெளிப்பக்கமாக வயிறு தள்ளியிருந்தது.

தீர்ப்புகள் எனக்கு முன்பே மூன்று வந்துவிட்டன. மேஸ்திரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “செல்லு புடிச்ச கொட்டா, தள்ளிட்டுப் புதுசா தூக்கிடலாம்” என்றார். வெல்டிங் பட்டறைக்காரர் இரும்புத் தூண் நட்டுக் கலர் ஷீட் போட்டுப் பத்து நாளில் சாவி கொடுப்பதாகச் சொன்னார். கொட்டகைக்கு எதற்குச் சாவி என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் சித்தப்பா மகள், ஓட்டில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது என்கிறாள். மூன்றும் முரண்படுவதாகத் தோன்றினாலும் அவற்றின் முறையியல் ஒன்றே. மூவரும் கொட்டகையை ஒரே பொருளாகப் பார்த்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்கிறார்கள். ஒரு கவிதைத் தொகுப்பை மொத்தமாக நன்று அல்லது தீது என்று எழுதித் தள்ளும் மதிப்புரைகளை நாம் எந்த அளவுக்கு மதிப்போமோ, இவற்றையும் அந்த அளவுக்குத்தான் மதிக்கலாம்.

என் அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். பழுது எங்கே இருக்கிறது, அது யாருடையது என்று தெரியாமல் இடிக்கவும் கூடாது, காக்கவும் கூடாது. வயது இங்கே நிறையும் இல்லை, குறையும் இல்லை. பனையேட்டில் வந்த ஒரு நூலைப் பதிப்பிப்பவர் செய்கிற வேலை இது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சா. செல்லரித்த ஏட்டைப் பார்த்துவிட்டு நூலே கெட்டுப்போனது என்று முடிவு கட்டவில்லை. ஏட்டில் கண்ட எழுத்தையெல்லாம் மூல ஆசிரியர் தலையில் சுமத்தவும் இல்லை. எது மூலம், எது ஏடெழுதியவர் பிழை, எது இடைச்செருகல் என்று பிரிப்பதில்தான் பதிப்பாசிரியரின் தகுதி இருக்கிறது. கொட்டகைக்கும் மூலபாடம் உண்டு. பின்னால் வந்தவர்கள் செருகியதும் உண்டு.

முன்மாதிரி தேடுகிறவர்கள் உடனே மேற்கே கைகாட்டுவார்கள். செஞ்சிக் கோட்டையில், இராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் உள்ள களஞ்சியம் இந்த மாவட்டத்தின் மிகச் சிறந்த தானியக் கட்டடம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. கனத்த சுவர், வில்வளைவாக மூடிய கூரை, ஒரே நோக்கத்துக்கு முழுமையாக ஒப்புக்கொடுத்த கட்டமைப்பு. தேவையில்லாத ஒரு கோடுகூட அதில் கிடையாது. உள்ளே நின்று பேசினால் குரல் சுற்றி வருகிறது. அது நெல்லுக்குக் கட்டிய இடம், மனிதர்களை எதிர்பார்த்தது இல்லை. அலங்காரத்துக்கு அங்கே வேறு கட்டடங்கள் இருந்தன. களஞ்சியம் அவற்றோடு போட்டியிடவில்லை, அதனாலேயே அவற்றைவிட நன்றாக நிற்கிறது.

ஆனால் முறையியலாக அது நமக்கு உதவாது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் மராத்திய ராணுவ நிலக்காட்சி என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான். அங்கே வயதே மதிப்பு. நெல் போட்டு வைப்பதில்லை என்பது அந்தக் களஞ்சியத்துக்கு ஒரு குறையாகாது. 1964இல் வெனிஸில் எழுதிய நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சாசனம், கட்டடத்தைச் சமூகப் பயனுக்கு விடலாம், ஆனால் அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. மாட்டுக்கொட்டகையில் இந்த விதி தலைகீழாகிறது. பயன் தொடரவேண்டும் என்றால் அமைப்பு மாறத்தான் வேண்டும். பயன் நின்றுபோன கொட்டகை பழையதாகவே நின்றாலும் கொட்டகை இல்லை. சித்தப்பா மகளுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அவள் கேட்பது செஞ்சிக்குப் பொருந்தும், கொல்லைக்குப் பொருந்தாது. ஆனால் அதே சாசனத்தின் இன்னொரு விதி இங்கும் செல்லும்: புதிதாகச் சேர்த்த பகுதி மொத்தத்தோடு இயைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும். பழைய சுவரில் எந்தக் கல் எப்போது வைத்தது என்று அடுத்த மேஸ்திரிக்குத் தெரியவேண்டாமா?

இனி மூலபாடம். 36 அடி நீளம், 16 அடி அகலம், நெடும்பக்கம் கிழக்கு மேற்காக. இந்தத் திசைத் தேர்வை நான் பெரிய நிறையாகக் கருதுகிறேன். நம் வெயிலில் காலையும் மாலையும் குறும்பக்கங்கள்தான் வெயிலை வாங்கும். உச்சிவெயிலை எறவாணம் தடுத்துவிடும். கால்நடை வல்லுநர்கள் வெப்ப நாட்டுக் கொட்டகைக்கு இன்றும் பரிந்துரைக்கும் திசை இதுதான். பெயர் தெரியாத அந்தக் கொத்தனார் எந்த வல்லுநரையும் படித்திருக்க மாட்டார். கடைக்காலும் அதற்கு மேல் இரண்டடியும் கருங்கல். அதற்கு மேல் மண்சாந்தில் கட்டிய பச்சைக்கல், அதாவது சுடாத மண்கல், சுவர். கூரைக்கு வைரம் பாய்ந்த பனையின் அடிப்பாகத்தில் எடுத்த பனங்கைகள். பனையின் வலு ஓரத்தில் இருக்கிறது, நடுவில் வெறும் சோறு. அதனால் அடிமரத்தின் ஓரவைரத்தை மட்டும் பிளந்து எடுத்தவர்தான் பனையை அறிந்தவர். இந்தக் கைகளை எடுத்தவர் அறிந்திருக்கிறார். எறவாணம் சுவரைத் தாண்டி இரண்டரை அடி நீண்டு நிற்கிறது. மண்சுவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் போட்டால் மண்சுவர் நூறு வருடம் நிற்கும் என்பது மண்கட்டடக்காரர்கள் உலகெங்கும் சொல்வது. இந்தக் கொட்டகைக்கு இரண்டும் அளவெடுத்துச் செய்யப்பட்டிருந்தன.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது திறனாய்வு ஆகாது. எறவாணம் தாழ்வு, ஆறடிக்குக் கொஞ்சம் மேல். வடக்குச் சுவரில் ஒரே ஒரு சிறிய சன்னல். நாட்டு மாடுகள் கட்டிய காலத்தில் அந்தப் புழுக்கம் பெரிதாகத் தெரிந்திருக்காது. இன்று கட்டியிருப்பவை நான்கு ஜெர்சிக் கலப்பினப் பசுக்கள். வெப்பம் கூடினால் தீவனம் குறையும், பால் குறையும். பனங்கைகள் சுவரில் உட்காரும் இடங்களைக் கொத்தனார் வெறும் மண்ணால் மூடிவிட்டார். கறையானுக்கு விருந்து வைத்ததைப்போல அது. ஒரு பலகைத்துண்டோ கல்லோ வைத்து மரத்தை மண்ணிலிருந்து பிரித்திருக்கலாம். நேர்த்தி இருக்கும் இடத்தில் கவனக்குறைவு இன்னும் உறுத்துகிறது.

இப்போது இடைச்செருகலுக்கு வருவோம். 2012இல் புயலுக்குப் பின் செய்த பழுதுபார்ப்பில் மூன்று காரியங்கள் நடந்தன. மேற்குக் கோடியின் ஓட்டுக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அந்தத் தகட்டின் நீளம் போதாமல் எறவாணம் ஓரடிக்குள் சுருங்கியது. மேற்குச் சுவருக்கு உள்ளும் புறமும் சிமெண்ட் பூச்சு. கொட்டகை முழுக்க, சாணி வழிக்க வசதி என்று, தரையை ஓரடிக்கு மேல் உயர்த்திச் சிமெண்ட் தளம். மேற்கே வாசல் பக்கம் வெளியிலும் அதே உயரத்துக்குச் சரிவுத்தளம்.

ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகத் தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் இயைபின்மை புலப்படும். வெளித்தளம் உயர்ந்ததும் அந்தப் பக்கம் இரண்டடிக் கருங்கல் ஓரடியாகிவிட்டது. சுவரின் செருப்பை உயரமாக்காமல் மண்ணை மட்டும் ஏற்றியாயிற்று. சுருங்கிய எறவாணத்திலிருந்து பதின்மூன்று மழைக்காலம் தண்ணீர் சுவரின் காலிலேயே விழுந்தது. உள்ளே புகுந்த ஈரம் வெளியே போகச் சிமெண்ட் பூச்சு விடவில்லை. சுண்ணாம்பும் மண்ணும் மூச்சுவிடும், சிமெண்ட் மூச்சைப் பிடித்துவைக்கும். மண்சுவரின் மேல் சிமெண்ட் பூசியவர்கள் எல்லோரும் சில வருடம் கழித்துப் பூச்சு தோலோடு உரிந்து வருவதைப் பார்த்திருப்பார்கள். ஃபெஞ்சலின் தண்ணீர் மற்ற மூன்று பக்கமும் கருங்கல் வரையில் நின்றது. மேற்கே மட்டும், உயர்ந்த தளத்தில் விழுந்து தெறித்த மழை பச்சைக்கல்லைத் தொட்டது. பதின்மூன்று வருட ஈரத்தில் ஊறிய பச்சைக்கல் அந்த ஓரிரவில் கரைந்தது.

ஆக வயிறு தள்ளியது எந்தச் சுவர் என்று பாருங்கள்: பழுதுபார்த்த சுவர். தொடாமல் விட்ட மூன்று சுவர்களும் அதே மழையில், அதே தண்ணீரில், அதே வயதில், நேராக நின்றன. மேஸ்திரி பழையது தோற்றுவிட்டது என்றார். தோற்றது 2012ஆம் வருடப் பதிப்பு. மூல ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு ஏடெழுதியவரைத் தப்பவிடுகிறோம். பாதிப் பழுதுபார்ப்பு, புதிதாகக் கட்டுவதைவிடவும் ஒன்றும் செய்யாமல் விடுவதைவிடவும் மோசமானது என்று நான் சொல்வதற்கு இந்தச் சுவர்தான் சான்று. இந்த வட்டாரத்தில் இடிக்கச்சொல்லும் பழைய கொட்டகைகளில் பலவற்றுக்கு இந்தக் கதை இருக்கும் என்பது என் ஊகம். பார்க்கிறவர்கள் முதலில் சிமெண்ட் எங்கே பூசியிருக்கிறது என்று பாருங்கள்.

பட்டறைக்காரரின் ஷீட்டுக்கும் நியாயம் செய்யவேண்டும். பழைமை விரும்பிகள் அதைப் பழிப்பதில் பாதி அழகுணர்ச்சி. அந்தப் பாதி எனக்கு வேண்டாம். நடுவில் தூண் இல்லாமல் அகலமாகக் கட்டலாம், டிராக்டர் உள்ளே வரும். வருடா வருடம் ஆள் ஏறவேண்டியதில்லை. மழைநீரை ஒரு குழாயில் பிடித்துத் தொட்டிக்கு விடலாம். கோடையில் தண்ணீருக்கு அலையும் ஊரில் இது சின்ன நன்மை இல்லை. கறையான் தின்னாது. ஒரு பெண் தனியாக மாடு வைத்திருக்கும் வீட்டில், ஓடு மாற்ற ஆள் தேடாமல் இருப்பதன் அருமையைப் பழைமை விரும்பிகள் கணக்கில் எடுப்பதில்லை.

மறுபக்கம், மே மாதத்து நண்பகலில் தகட்டுக் கூரையின் கீழ் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மேலே வைக்கோல் பரப்புவதும் வெள்ளை அடிப்பதும் உதவும், ஆனால் அப்போது பராமரிப்பில்லாக் கூரை என்ற முதல் நிறை போய்விடுகிறது. காற்று இன்னொரு பரிசோதனை. கொட்டகைக்குள் புகுந்த காற்று மேலே தள்ளும்போது ஓட்டுக்கூரை இடைவெளிகள் வழியே அழுத்தத்தை விட்டுவிடும். சில ஓடுகள் போகும், கூரை நிற்கும். தகடு அப்படி விட்டுக்கொடுக்காது. போல்ட் பிடித்தால் நிற்கும், ஒன்று கழன்றால் முழுத்தகடும் பறக்கும், பறந்தபின் அது கத்தி. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே கரையேறிய காலையில் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள், தகடு எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்த்தார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும் கடற்கரை மாவட்டத்தில் இது ஓரக்குறிப்பாகப் போகிற விஷயம் இல்லை.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றி விவாதம் இனி வேண்டியதில்லை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி வருடங்களாயின; அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன; நாம் இன்னும் இறக்குமதி செய்து மாட்டுக்கும் கோழிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூரை போடுகிறோம். உடையாத தகட்டைவிட அறுக்கும் தகடும் நொறுங்கும் தகடும்தான் ஆபத்து. அதனால் இறக்கும்போது நனைத்து, உடைக்காமல், முழுசாக இறக்கவேண்டும். கூரைக்குக் காங்கிரீட் தளம் என்பது மேஸ்திரியின் இரண்டாவது யோசனை. நான்கு பசுவுக்குக் காங்கிரீட் தளம் போடுவது தன் கைத்திறனைக் காட்ட மட்டுமே எழுதிய காவியம் போன்றது.

பயன் என்ற அளவுகோலில் பார்த்தால் விவாதம் வேறு திசைக்குத் திரும்புகிறது. இந்தக் கொட்டகை கட்டியபோது இதன் கிழக்குப் பாதி மாடுகளுக்கு இல்லை. தொம்பையில் நெல், விதைக்கு உறையோடு மல்லாட்டை, ஏர், கலப்பை, நுகத்தடி. மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்லும் நிலக்கடலை உள்ளிட்ட எண்ணெய்வித்துகளுக்குத் திண்டிவனத்தில் தனி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்களின் பெயரில் இருக்கும் மூன்றெழுத்து திண்டிவனம்தான். விதைக்கடலையை எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரமில்லாமல் வைத்தால்தான் பூஞ்சணமும் நஞ்சும் வராது. அந்தக் கொத்தனார் கிழக்குப் பாதியில் சன்னல் வைக்காததற்குக் காரணம் இருந்தது. மாட்டின் மூச்சு ஈரத்தைத் தடுக்க நடுவில் பாதிச்சுவரும் எழுப்பியிருந்தார். சன்னல் இல்லாததை நானும் முதலில் குறை என்றே குறித்தேன். கட்டடத்தின் பயனைப் படிக்காமல் கட்டடத்தைப் படிக்கக்கூடாது.

இன்று அந்தப் பயன் வெளியேறிவிட்டது. அறுவடை இயந்திரத்திலிருந்து நெல் நேரே செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கோ திண்டிவனத்துக்கோ போகிறது. வீட்டுக்கு வருவது சாப்பாட்டு நெல் நாலு மூட்டை. ஏர் மாடு இல்லை. கிழக்குப் பாதியில் இப்போது உர மூட்டை, மோட்டார் பைப், பழைய கட்டில், பிள்ளைகளின் உடைந்த சைக்கிள். அப்படியென்றால் கொட்டகை சிறியதா? கணக்குப் பார்ப்போம். பசுவுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டர், திறந்தவெளியில் அதன் இரு மடங்கு என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நான்கு பசுவுக்கு 14 சதுர மீட்டர் போதும். இந்தக் கொட்டகை 53 சதுர மீட்டருக்கு மேல். பட்டறைக்காரர் முன்வைத்த பெரிய கொட்டகைக்கு ஆதாரமே இல்லை. தேவை காற்றும் உயரமும். பரப்பு ஏற்கெனவே மிச்சம். கிழக்குப் பாதியைத் தீவனத்துக்கு ஒதுக்கி, வடபுறம் முற்றத்தை வேலியடைத்து வேப்பமரத்தடியில் பகலில் மாட்டை விட்டாலே புழுக்கப் பிரச்சினை பாதி தீரும்.

மூன்றாவது வழி ஒன்றையும் பரிசீலிக்கவேண்டும், ஏனென்றால் அது இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வானூர் வட்டத்தில், ஆரோவில்லில், 1989 முதல் இயங்கும் மண்கட்டடக் கழகம் செம்மண்ணோடு ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தி, சுடாமல் செய்யும் கல்லை உலகறியச் செய்தது. அதில் கட்டிய ஆரோவில் வருகையாளர் மையத்துக்கு 1992இல் ஏழைகளுக்கான கட்டடக்கலை என்ற பிரிவில் ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது. முறையியலாக இதற்கு இணை குறைவு: மண்ணை மண்ணாகவே மதித்து, ஈரத்துக்குப் பதில் சொல்கிறது. நாம் கரைத்த பச்சைக்கல்லுக்கு நேர் வாரிசு அது. ஆனால் விருதின் பெயரில் இருக்கும் ஏழைகள் அந்த மையத்தில் காப்பி குடிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்களில்கூடக் கொத்தனார்களின் பேச்சுமொழியில் அந்தக் கல் இன்னும் நுழையவில்லை. ஒரே சுவருக்கு அழுத்து இயந்திரம் வரவழைப்பதும் பொருளாதாரத்தில் நிற்காது. கருத்தாக வெற்றி, பரவலாகத் தோல்வி. இருந்தாலும் அதன் சமன்பாடு நமக்குப் பயன்படும்: இடிந்த சுவரின் மண்ணையே சலித்து, சிறிது சுண்ணாம்பு கலந்து, அச்சில் அடித்து மறுபடி வைக்கலாம்.

என் தீர்ப்பு இனி சுருக்கமாக. மேற்குச் சுவரைக் கருங்கல் மட்டம் வரைக்கும் பிரிக்கவேண்டும். கருங்கல்லை மேலும் ஓரடி ஏற்றி அதன் மேல் மண்கல் எழுப்பவேண்டும். வெளிச்சரிவுத் தளத்தை உடைத்து நீக்கவேண்டும். மீதி மூன்று சுவர்களையும் தொடவேண்டாம், சுண்ணாம்பு அடித்தால் போதும். விலக்கு ஒன்றே: வடக்குச் சுவரில் மாடு கட்டும் பாதியில் மட்டும் இரண்டு அகலச் சன்னல்கள், மேலே கருங்கல் உத்திரத்தோடு. எறவாணம் எல்லாப் பக்கமும் மீண்டும் இரண்டரை அடி. உயரக்குறைவு தீராது, அதை ஏற்றுக்கொள்கிறேன். சுவரை உயர்த்தப் போனால் கூரை முழுதும் இறங்கும், அப்போது இது பழுதுபார்ப்பு இல்லை, புதுக்கட்டடத்தைப் பழைய பெயரில் எழுதுவது.

கூரை விஷயத்தில்தான் என் தீர்ப்பு எனக்கே முழு நிறைவு தரவில்லை. 2012க்கு முந்தைய பாடம் நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழலாக வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்ட ஓட்டைக் கேட்டால் இந்தப் பக்கம் கிடைப்பதில்லை. வேறு வீட்டில் இறக்கியது கிடைத்தால் உண்டு. குரங்கு வந்து போனால் பத்து ஓடு. வருடத்துக்கு ஒருமுறை ஓடு மாற்றாவிட்டால் ஒழுகும். சித்தப்பா கேட்ட கேள்வி நேரடியானது: “மாத்தறதுக்கு ஆளு யாருடா இருக்கான்? நான் ஏறணுமா, நீ ஏறுவியா?” பதில் இல்லை. எனவே சீமை ஓடு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார் தொடங்கிய ஆலையிலிருந்து பரவியது அது. நம் ஊரில் அதுவும் பழையதாகிவிட்டது. பள்ளமும் கொக்கியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால் வருட மாற்றம் தேவையில்லை, பழைய வீடுகளை இடிக்கும் இடத்தில் நல்ல ஓடு மலிவாகக் கிடைக்கிறது. குறை என்னவென்றால், நாட்டு ஓடு வளைந்த பனங்கையை மன்னிக்கும், சீமை ஓடு மன்னிக்காது. ரீப்பருக்கு அடியில் துண்டுக்கட்டை கொடுத்து நூல் பிடித்து மட்டம் எடுக்கவேண்டும். வேலை கூடும். வெயிலைத் தாங்குவதிலும் இரட்டை அடுக்கு நாட்டு ஓட்டுக்கு அது ஒரு படி கீழ்தான். இது சமரசம், சமரசம் என்று சொல்லியே செய்யவேண்டும்.

புதிய பனங்கை வாங்கலாமே என்றார் மேஸ்திரி. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பின் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். விக்கிரவாண்டிப் பக்கம் இன்றும் பனையேறிகள் பிழைக்கும் மரத்தை ஒரு கைமரத்துக்காகச் சாய்ப்பது எனக்கும் ஒப்பவில்லை. இருப்பதில் எது தேறும் என்று பார்ப்பதே வழி.

இந்தத் தீர்ப்பு எங்கெல்லாம் செல்லாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஏரிக்களிமண்ணில் கடைக்கால் இறங்கி, சுவர்களில் குறுக்காக விரிசல் ஓடினால், அல்லது கறையான் சுவருக்கு மேலே கைகளில் மட்டுமின்றி மோட்டுவளையையும் பிடித்துவிட்டால், தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் நேர்மை. கைமரம் ஒவ்வொன்றாக மாறும். கடைக்கால் அப்படி மாறாது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் சிறு விவசாயிகளுக்கு மாட்டுக்கொட்டகை கட்ட இடம் கொடுத்திருந்தார்கள். அந்த வழியில் எழுந்த கொட்டகைகளைக் குறைசொல்ல எனக்குக் காரணமில்லை, பழைய சுவரே இல்லாத வீட்டில் பழுதுபார்ப்பு என்ற கேள்வியே எழுவதில்லை.

கடைசியாக மேஸ்திரியோடு மேலே ஏறினோம். அவர் உளியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு கையையும் சுவரோரம், நடு, மோடு என்று மூன்று இடத்தில் தட்டினார். நல்ல பனை தட்டினால் கணீர் என்கிறது, உளுத்தது பொத் என்கிறது. அதற்கு மேல் அவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இருபத்திரண்டில் ஐந்து பொத். ஐந்தும் சுவரோரத்தில் மட்டும், ஒன்றரை அடிக்குள். “அறுத்துட்டு ஒட்டுப்போட்டுக்கலாம், கல்லு மேல ஒக்கார வெச்சிட்டா போதும்” என்றார், இடிக்கச்சொன்ன அதே மேஸ்திரி. நாட்டு ஓடுகளில் உடையாதவற்றைச் சித்தப்பா கிணற்று மேட்டில் அடுக்கி வைத்திருக்கிறார், கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று.